உனக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை

சுகன்யா கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் சர்டிபிகேட் பைலுக்குள் வைக்கிறேன். திங்கட்கிழமை திருப்பூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் வேறு எதைத் திறந்து பார்க்காவிட்டாலும் அந்தப் பைலை நாலு தடவையாவது நீ திறந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் ஹெட்போனோடு சேர்த்து வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நீ அலமாரிக்கு மேலே பழைய குடைகளோடு தூக்கிப் போட்டுவிட்டாய். பனியன் கம்பெனி ஆபீசில் பில் அடிக்கிற வேலைக்கு ஹெட்போன் எதற்கு என்று அம்மாவிடம் கேட்டாயாம். "எனக்குக் காதே சரியில்லம்மா, அந்த வேலைக்கு நான் லாயக்கில்ல" என்றும் சொன்னாயாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருப்பூருக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் காது சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நீ போகக் கூடாது. காது சரியில்லாதது உனக்கு இல்லை, எனக்கு. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். வாய் வரைக்கும் வருகிறது, அப்புறம் "சாப்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எழுதிப் பழகிய கை இது, எழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் படித்துவிட்டால் நல்லது.

என் காதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நாகலூரிலிருந்து கொட்டச்சேடு வரைக்கும் எந்த எஸ்டேட்டில் கேட்டாலும் என் காதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அதில் பாதி நானே கிளப்பிவிட்டது. ஒண்டிக்கடை மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன்னால், "இருங்க, அண்ணன் காது என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்று, வாட்டர் பம்ப் பேரிங் என்பேன், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலையே இல்லை. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டிக் கேட்பேன். கீழேயிருந்து ஏறி வருவது பஸ்ஸா லாரியா, இன்னும் எத்தனை வளைவு தள்ளி வருகிறது என்று சொல்லிவிடுவேன். முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப்பை இப்படித்தான் ஓட்டினேன். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நீ. நம் வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும், மோட்டார் உறுமினாலும் கூரையில் எலி ஓடினாலும், "அப்பாவக் கேளு" என்பதுதான் முடிவான பேச்சு. நானும் அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

காலேஜ் முடித்த கையோடு நீ சவுண்ட் டிசைன் படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்துக்கு என்ன டிசைன் என்று கேட்டேன். நீ சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னாய். "படத்துல ஒருத்தர் கதவத் தொறக்கறாரில்லீங்கப்பா, அந்தச் சத்தம் அந்தக் கதவோடதா இருக்காது. பின்னாடி யாரோ ஒருத்தர் உக்காந்து வேற எதையோ வெச்சு செஞ்சதுங்க." அது என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. இரண்டு நாள் நான் பார்த்த கதவை எல்லாம் திறந்து மூடிப் பார்த்தேன். ஸ்டோர் ரூம் கதவு, பாத்ரூம் தகரக் கதவு, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரின் ஆபீஸ் கதவு என்று ஒன்றையும் விடவில்லை. ரைட்டர் எழுந்து வந்து, "என்னங்க டிரைவர், ஊட்டுல ஏதும் பிரச்சனையா" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாதிரி பேசியது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது புதுச் சங்கதியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் நான் எட்டாவதோடு நின்றிருக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

சென்னையிலிருந்து மேடம் நேரலையில் நடத்துகிற வகுப்பு. சனி ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. நம் வீட்டில் போன் பேசுவதற்கே சிக்னல் தள்ளாடும். காபி காய வைக்கிற களத்துக்கு மேலே இருக்கிற வளைவில் மட்டும்தான் நிலையாக நிற்கும். ரைட்டரிடம் கேட்டுக்கொண்டு ஜீப்பை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அதுதான் உன் வகுப்பறை. காற்றுச் சத்தம் உள்ளே வராமலிருக்க காலிக் காபிச் சாக்குகளைக் கண்ணாடி ஓரமாகத் தொங்கவிட்டோம். அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணுங்கள் என்று மேடம் சொன்னதற்கு நம்மால் முடிந்தது அவ்வளவுதான். நீ பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாய், நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பேன். சும்மா என்று சொல்வது பொய். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மேடம் சில நேரம் பாடத்தை நிறுத்திவிட்டு, "பின்னாடி அப்பா என்ன சொல்றாரு" என்று கேட்பாரே, ஞாபகமிருக்கிறதா? காய்ந்த காபிப் பழத்தைச் சாக்கில் கட்டி அமுக்கினால் சரளைக்கல்லில் நடக்கிற சத்தம் வரும் என்று நான் சொன்னதை மேடம் மற்ற பிள்ளைகளுக்கும் சொன்னார். அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனத்தை நீயே பார்த்தாய்.

முதல் வகுப்பிலேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். "இன்னிக்கு யாரும் எதையும் ரெக்கார்ட் பண்ண வேண்டாம், அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி உக்காருங்க, கேக்கறதை எல்லாம் எழுதுங்க" என்றார் மேடம். நானும் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். நீ பதினாலு எழுதியிருந்தாய். நான் ஆறு. காற்று, தூரத்தில் பஸ், காபிப் பழத்தைத் தோல் உரிக்கிற பல்பர் மிஷின், களத்தில் பேச்சு, நாய், உன் மூச்சு. உன் காகிதத்தை எட்டிப் பார்த்தால் மூன்றாவதாகச் சில்வண்டு என்று இருந்தது. "சில்வண்டு ஏது கண்ணு, அது போயித்தான் ரெண்டு வருசமாச்சே" என்றேன். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து நீ சிரித்தாய். நான் கிண்டல் பண்ணவில்லை. சில்வர் ஓக் மரங்களை வரிசையாக வெட்டியதில் சில்வண்டெல்லாம் இந்த மலையை விட்டே போய்விட்டது என்று டீக்கடையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் பிரசங்கம் பண்ணியிருப்பேன். பாதிப் பேர் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கு என்ன கேட்டதோ, என் காதின் மேல் இருந்த மரியாதையில் ஆட்டினார்களோ, யாருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த பாடம், சத்தத்தைப் படமாகப் பார்க்கிறது. இப்போதும் நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நீ களத்தில் பிடித்து வந்த சத்தத்தை லேப்டாப்பில் ஓடவிட்டாய். கறுப்புத் திரையில் அடியில் செம்மண் நிறத்தில் பல்பர் மிஷின், நடுவில் ஆளுங்க பேச்சு துண்டு துண்டாக, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சளாக ஒரு பட்டை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விடாமல். "இதென்ன சாமி மேல?" என்று கேட்டேன். "சில்வண்டுங்கப்பா" என்றாய். ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். மிஷின் கேட்டது, பேச்சு கேட்டது. மஞ்சள் பட்டை கண்ணுக்குத் தெரிந்தது, காதில் ஒன்றுமே இல்லை. ஹெட்போன் ஒயரை ஆட்டிப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அட ஆமா, நல்லா வந்துருக்குது" என்றேன். அதுதான் முதல் பொய். சின்னப் பொய்தான், ஒரு நொடியில் வந்து விழுந்துவிட்டது.

இரண்டாவது பொய் தெரிந்தே சொன்னது. மேடம் ஒரு ஆடியோ பைலை எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பி, அவரவர் ஹெட்போனில் ஒரே நேரத்தில் ஓடவிடச் சொன்னார். அடிக்குரலில் தொடங்கி மேலே மேலே ஏறிக்கொண்டே போகிற ஒரே ஒரு சத்தம். எப்போது கேட்காமல் போகிறதோ அப்போது கையைத் தூக்க வேண்டும். நீ முடித்தவுடன் எனக்கும் மாட்டிவிட்டாய், விளையாட்டாக. பாதி வழியிலேயே எனக்குச் சத்தம் நின்றுவிட்டது. திரையில் எண் ஏறிக்கொண்டே போகிறது, நீ என் கையையே பார்க்கிறாய். நான் கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ கையைத் தூக்கிய இடம் ஞாபகமிருந்தது, அதற்குச் சற்று முன்னால் தூக்கினேன். "பரவால்லீங்கப்பா, இந்த வயசுல" என்று நீ சந்தோஷப்பட்டாய். எஸ்டேட்டில் தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால், அதைவிடவும் பெரிய பயம் உன்னைப் பற்றியது. என் காது போய்விட்டது என்றால் நம் வீட்டில் நான் யார்?

இப்போது அந்த மூடுபனிச் சத்தத்துக்கு வருகிறேன். படிப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் நாலு நிமிஷம் செய்ய வேண்டும், படம் கிடையாது, சத்தம் மட்டும். நல்லதாகச் செய்கிற ஒருத்தரைத் தனக்கு உதவியாளாக எடுத்துக்கொள்வதாக ஒரு ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். நீ மூடுபனியில் வளைவு ஏறுகிற ஜீப்பை எடுத்துக்கொண்டாய். எவ்வளவு உழைத்தாய் என்று எனக்குத் தெரியும். ரெக்சின் சீட்டு முனகுகிறது, வைப்பர் இழுக்கிறது, தூரத்தில் ஹாரன், அதற்குப் பதில் ஹாரன், அப்புறம் டிரைவர் இன்ஜினை அடக்கிவிட்டுக் கேட்கிறான். அந்த இடத்தில் எல்லாச் சத்தமும் நின்று அவன் மூச்சு மட்டும் இருக்கும். அது என்னுடைய மூச்சு. பதிவு பண்ணப் பண்ண லேப்டாப் பேட்டரி தீர்ந்துபோகிறது என்று நீ சொன்னதும், நான் ஒண்டிக்கடைக்குப் போய் கரண்ட் மாற்றித் தருகிற ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வந்து, ஜீப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டிக் கொடுத்தேன். லேப்டாப்பைச் செருகிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். இதெல்லாம் எந்த அப்பன் செய்வான் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

எல்லாம் சேர்த்து முடித்து, முதல் தடவை முழுசாக ஓடவிட்டதும் நீ நெற்றியைச் சுருக்கினாய். "அப்பா, உள்ள சன்னமா கீன்னு ஒண்ணு கேக்குதுங்களே. உங்களுக்குக் கேக்குதுங்களா?" ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டாய். நாலு நிமிஷமும் கேட்டேன். ஒன்றும் இல்லை. அங்கே எனக்குச் சொல்வதற்கு ஒரு நேரான பதில் இருந்தது. "எனக்கு மேல் சத்தம் கேக்கறதில்ல கண்ணு, உன்ற காதுல கேட்டா சரியாத்தான் இருக்கும், வேற யார்கிட்டயாவது கேளு." இவ்வளவுதான். அதைச் சொல்லாமல், "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்குது. கேட்டுக் கேட்டு உனக்குத்தான் பிரமை" என்றேன். குரலில் அதட்டல் வேறு. நீ இன்னும் மூன்று நாலு தடவை போட்டுக் கேட்டாய். "ஆமாங்கப்பா, இப்பத் தெரியல" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது அதற்குப் பழகி அதைத் தள்ளிவிடும் என்று மேடம் ஒரு பாடத்தில் சொன்னது நம் இரண்டு பேருக்குமே அப்போது ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறக்கமாட்டாய், நானும் மறக்கமாட்டேன். கட்டங்கட்டமாக அத்தனை முகம், நடுவில் ஸ்டுடியோக்காரர். மேடம் உன்னுடையதை அவருடைய பெரிய ஸ்பீக்கரில் கேட்டு வைத்திருந்தார். முதலில் நன்றாகத்தான் ஆரம்பித்தார், அந்த மூச்சு நிற்கிற இடத்தைப் பற்றிச் சொன்னார். அப்புறம் கேட்டார். "சுகன்யா, ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் மேல ஒரு கீச்சுச் சத்தம் ஓடுதே, கவனிச்சீங்களா? ஏதோ சார்ஜர் மாதிரி." நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அப்பா இல்லை என்றார் என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்கு சரியாத் தெரியல மேடம்" என்றாய். ஸ்டுடியோக்காரர் கெட்டவர் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "இது காதுல விழாதவங்களை நான் எப்படிங்க பக்கத்துல உட்கார வெச்சுக்கறது?" நீ லேப்டாப்பை மூடினாய். நான் மாட்டிக் கொடுத்த அந்தப் பெட்டிதான் கீச்சிட்டது, அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்திருக்கும். அது எனக்குக் கேட்கவில்லை. "கேட்ட மாதிரியும் இருந்துச்சு, கேக்காத மாதிரியும் இருந்துச்சுங்கப்பா. இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் தெரியாத காத வெச்சுட்டு என்னங்க பண்றது?" என்று அழுதாய். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்த ஸ்டார்ட் பண்ணினதுதான்.

அப்புறமும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன், பார். நீ வகுப்பை விட்டாய், உன் சித்தி மூலமாகத் திருப்பூரில் வேலை பேசினாய், நான் சரி சரி என்றேன். என்னை உலுக்கினது வேறு ஒன்று. பழம் எடுப்புக்கு ஆளுங்களை ஏற்றிக்கொண்டு போகும்போது நல்ல பனி. வழக்கம்போல வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டிக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்று வளைவில் திருப்பினேன். பின்னாலிருந்து, பழம் எடுக்க வருகிற தனம் என் தோளைப் பிடித்து இழுத்து, "அண்ணா, நிறுத்துங்க, வண்டி வருதுங்க" என்றாள். பிரேக்கை மிதித்துவிட்டேன். ஒரு டூவீலர், புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர், பம்பரை ஒட்டி வந்து நின்றார்கள். "எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கறோமுங்க" என்றான் அந்தப் பையன். பஸ் ஹாரனும் லாரி ஹாரனும் அடிக்குரல், எனக்குக் கேட்கும். அந்த டூவீலர் ஹாரன் சன்னமானது.

மறுநாள் டயர் வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுச் சேலத்துக்கு இறங்கிப் போனேன். காது டாக்டரிடம். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி ஒரு பெண் சோதித்தாள். உன் வகுப்பில் பார்த்த மாதிரியே சத்தம் படிப்படியாக ஏறியது. இந்தத் தடவை நான் ஏமாற்றவில்லை. காகிதத்தில் கோடு நேராகப் போய்ப் பாதியில் சடாரென்று கீழே இறங்கியது. வலது காது இன்னும் மோசம், ஜன்னல் பக்கக் காது. எனக்குப் பயம் போய் ஆர்வம் வந்துவிட்டது, என் புத்தி அப்படி. கேட்காத சத்தம் எங்கேம்மா போகிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எங்கயும் போகலீங்க, அது வெளியதான் இருக்குது. உங்க காதுக்குள்ள மேல் சத்தத்துக்குன்னு இருக்கிற பகுதி தேஞ்சு போச்சுங்க" என்றாள். காதுக்குள் அடிச்சத்தத்துக்கு ஒரு இடம், மேல் சத்தத்துக்கு ஒரு இடம் என்று தனித்தனியாக இருக்கிறதாமே. உனக்கு இது தெரியுமா? அவளிடம் படம் வரைந்து காட்டச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். டேஷ்போர்டு டிராயரில் வைத்திருந்தேன், இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "எனக்கு மூணு வருசமாத் தெரியுமுங்க" என்றாள். எப்படி என்றேன். "ஏனுங்க, குக்கர் விசில எண்ணச் சொன்னா ஒரு நாளாவது சரியாச் சொல்லியிருக்கீங்களா? கொலுசு மாத்தினேன், கேட்டீங்களா? சொன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்க, அதான் சொல்லல." அவள் மேல் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு வீட்டில் ஒருத்தன் காதைப் பற்றி எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தால், கடைசியில் அடி வாங்குகிறது அந்த வீட்டுப் பிள்ளை. நீ யாரோடு குடும்பம் நடத்தினாலும், யாரிடம் வேலை பார்த்தாலும், ஒருத்தருக்கு நொம்ப நல்ல பேர் இருக்கிறது என்பதற்காக அவரைச் சோதிக்காமல் விட்டுவிடாதே. அவருக்கும் சேர்த்துத்தான் அது நல்லது. அதே நாள் ரைட்டரிடம் போய் ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஜீப்பை நான் எடுக்காததற்கு இன்ஜின் வேலைதான் காரணம் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாயே, வண்டிக்கு ஒன்றுமில்லை. காதுக்கு மிஷின் வைத்துப் பழகி, டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார், அதுவரைக்கும் ஸ்டோரில் மூட்டை எண்ணுகிற வேலை. நான் அவர் முன்னால் நின்ற இருபது நிமிஷமும் அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி நீ கோபப்படப் போகிற இடம். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அம்மாவும் துணி எடுக்கச் சேலம் போனீர்கள். வகுப்பு லிங்க் என் போனுக்கும் நீ அனுப்பி வைத்திருந்தாய் அல்லவா, நான் களத்து வளைவுக்கு நடந்து போய் அதை அமுக்கிவிட்டேன். கட்டங்கட்டமாக முகங்கள் வந்தன. நடுவில் என் மூஞ்சி, பாதி நெற்றி மட்டும். "வணக்கமுங்க மேடம், நான் சுகன்யா அப்பா" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டி வாங்கினது, நீ கேட்டது, நான் அதட்டினது, காது டாக்டர், எல்லாம். பிள்ளைகள் எல்லோரும் தங்கள் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். என் காதைத்தான் கேலி பண்ணுகிறார்கள், பண்ணட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன். கடைசியில் மேடம் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினார். மைக் ஆஃப். அத்தனையும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகப் போய்விட்டது. இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் விடாமல் சொன்னேன்.

மேடம், "சார், அவங்க அந்தச் சத்தத்தை எப்பக் கேட்டாங்க? எத்தனையாவது தடவை போட்டப்ப?" என்று கேட்டார். மொத தடவையேங்க, முழுசா போட்டு முடிச்ச உடனே என்றேன். "ஹெட்போன்லயா?" ஆமாங்க, அந்தக் கறுப்பு ஹெட்போன்ல. மேடம் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "நான் என் ஸ்டுடியோ ஸ்பீக்கர்ல கேட்டேன் சார். எனக்கு ரெண்டாவது தடவைதான் பிடிபட்டுச்சு." மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்க மேடம் என்றேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் சத்தமாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடைசி வகுப்பு. உனக்கென்று பத்து நிமிஷம் ஒதுக்குகிறேன் என்றிருக்கிறார். அந்தக் கீச்சுச் சத்தத்தை நீக்கிவிட்டு மறுபடியும் அனுப்பு, திரையில் அவ்வளவு சன்னமாக ஓடுகிற கோட்டை எப்படி நீக்குவது என்று போன வகுப்பில் நடத்தியதைப் பதிவு பண்ணி உனக்கு வைத்திருக்கிறார். ஸ்டுடியோக்காரர் வருவாரா என்று அவருக்குத் தெரியாது, வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நீ திருப்பூருக்கே போனாலும் நான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வருவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். என் மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும், அதை அவசரப்பட்டு ஆற்றிக்கொள்ள வேண்டாம், எனக்கு நேரம் இருக்கிறது.

ஒரே ஒரு காரியம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ களத்து வளைவுக்குப் போனால், ஜீப் இருக்காது, வளைவு ஓரத்தில் இருக்கிற திண்டு மேல்தான் உட்கார வேண்டியிருக்கும். நான் பக்கத்தில் உட்கார மாட்டேன். கீழே ஸ்டோரில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். மேடம் உன்னிடம் ஏதாவது கேட்பார், நீ பழக்கத்தில் என் பக்கம் திரும்புவாய், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது உனக்கு என்ன கேட்கிறதோ அதைச் சொல்.

உன் அப்பா